மாமியைச் சிரிக்கவைக்க விழுந்த காலம்

போன மாதம் ஒரு செத்தவீட்டில் சிரித்துவிட்டேன். புன்னகைத்தேன் என்று மழுப்ப முடியாது. வாய்விட்டு, தோள் குலுங்க, பக்கத்திலிருந்தவரின் மடியில் சாயும் அளவுக்குச் சிரித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். இரங்கல் உரை வாசித்த பெரியவர் ஒருவர், வாசித்து முடித்த கையோடு பின்னாலிருந்த பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். கதிரையின் நான்கு கால்களும் நான்கு திசைக்கு மெதுவாக விரிந்தன. பெரியவர் கையிலிருந்த தாளை விடாமல், முகத்திலிருந்த துக்கத்தையும் விடாமல், அப்படியே கீழே போனார். அந்த முகம்தான் என்னைக் கவிழ்த்தது. செத்தவரின் மகன் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழும்பித் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய், மிச்சத்தைக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு சிரித்து முடித்தேன்.

எனக்கு ஐம்பது வயது. பத்திரிகையில் எழுதுகிறேன். சிரிப்பைப் பற்றி அறிஞர்கள் எழுதிய தடித்த புத்தகங்கள் மூன்று என் அலுமாரியில் உண்டு. அவற்றை எழுதியவர்கள் ஒரு தடவையாவது சிரித்திருப்பார்கள் என்பதற்கு உள்ளே ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மனைவி கனடாவில் மகளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போய் ஒன்பது மாதம். நான் தனியே இருந்து, சாப்பாட்டுக் கோப்பைக்கு எதிரே போனைச் சாய்த்துவைத்து, யார் யாரோ வழுக்கி விழும் காட்சிகளைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். ஏணியிலிருந்து விழுகிறவர், சேற்றில் விழுகிறவர், கல்யாண மேடையிலிருந்து கேக்கோடு விழுகிறவர். படித்த மனிதன் இதை வெளியில் சொல்வதில்லை.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்லலாம். நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி விழப் பழக்கப்பட்டவர்கள். குண்டு போட விமானம் வந்தால் தப்புவதற்கான பயிற்சி: ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதினால் குப்புற விழ வேண்டும். முழங்கையை ஊன்று, நெஞ்சை நிலத்தில் முட்டவிடாதே, வாயைத் திற, காதைப் பொத்து. எழுத்தை மறந்தவர்கள் உண்டு, இதை மறந்தவர்கள் இல்லை.

அந்தப் பருவத்தில் எனக்குப் பத்து வயது. தங்கச்சியின் இதயத்தில் ஓட்டை என்று அப்பாவும் அம்மாவும் அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியில் என்னைக் கிளிநொச்சிக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையிலிருந்த மாமி வீட்டில் விட்டார்கள். மாமி அப்பாவின் அக்கா. "ரெண்டு கிழமையில வந்திடுவம்" என்று அம்மா மூன்று சட்டை வைத்த பையைத் தந்தார். அவர்கள் வவுனியாவைத் தாண்டிய மூன்றாம் நாள் சண்டையால் பாதை மூடியது. இரண்டு கிழமை பதினொரு மாதமானது. மூன்று சட்டையும் மூன்று சட்டையாகவே இருந்தன. நான்தான் கைகளும் கால்களும் வெளியே தள்ள வளர்ந்துகொண்டிருந்தேன்.

மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா சவூதிக்குப் போய் ஆறு வருடம், கடைசிக் கடிதம் வந்து நாலு வருடம். மாமி விடிந்தால் மிளகாய்த் தோட்டத்தில், பொழுதுபட்டால் குசினியில். ஒரு நாளைக்கு நாற்பது சொல் பேசுவார். அதில் முப்பது கோழிகளுக்கு. எனக்கு வந்தவை "எழும்பு", "சாப்பிடு", "கால் கழுவு", "படு". பற்றறி கிடைக்காத காலமாதலால் சுவர் மணிக்கூடும் நின்றுபோயிருந்தது. மத்தியானங்களில் அந்த வீட்டில் மிளகாய் காய்ந்து வெடிக்கும் சத்தம் கேட்கும். நானும் வாய் திறப்பதில்லை. திறந்தால் முதலில் அழுகைதான் வரும் என்று பயம். மாமி அதை வீம்பு என்று நினைத்தார். நான் மாமியின் மௌனத்தைக் கோபம் என்று நினைத்தேன். இரண்டு பேரும் மூன்று மாதம் இப்படி நினைத்துக்கொண்டே புட்டு சாப்பிட்டோம்.

ஒரு நாள் பின்னேரம் எங்கள் பள்ளிக்கூட அதிபர் சைக்கிளில் வந்து கிணற்றடியில் மாமியோடு நின்று கதைத்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் ஆட்டுக்குக் குழை முறித்துக்கொண்டிருந்தேன்.

"பொடியன் என்னோட கதைக்கிறானில்லை சேர். எனக்கும் சின்னப் பிள்ளையளோட கதைக்கத் தெரியாது. ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு நிக்கிறம், சந்தியில மாடு நிக்கிற மாதிரி."

"அந்தப் பிள்ளையள் இல்லத்துக்கு எழுதிப் பாப்பமே அக்கா? அங்க அவன்ர வயசில கனபேர் இருக்கினம்."

"எழுதுங்கோ. வெள்ளன எழுதுங்கோ."

"பதில் வர ரெண்டு மூண்டு மாசம் எடுக்கும்."

இன்று யோசித்தால், எனக்கு விளையாட ஆள் வேண்டுமென்று மாமி பட்ட கவலை அந்தப் பேச்சில் தெளிவாகவே கேட்கிறது. அன்று "வெள்ளன" மட்டும்தான் கேட்டது. என்னைச் சீக்கிரம் அனுப்பப்போகிறார். அனுப்பினால் அம்மா திரும்பிவந்து என்னை எங்கே தேடுவார்? அம்மாவுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். குழையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ஆடு கத்தியது.

அந்தக் கிழமைதான் நெல்லு மில்லில் படம் போட்டார்கள்.

படக்காரர் மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறியவர். ரீவியைப் பழைய மெத்தை உறையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். இரவில் வெளிச்சம் கூடாது என்பதால் பகல் பத்து மணிக்கே காட்சி. நெல்லுக் களஞ்சியத்தின் யன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கினார்கள். ஜெனரேற்றரை மில்லுக்கு அந்தப் பக்கம் ஒரு குழிக்குள் இறக்கி, ஈரச் சாக்குப் போட்டு அதன் வாயை அடைத்திருந்தார்கள். ஆளுக்குக் கால் போத்தல் மண்ணெண்ணெய் கொடுத்துவிட்டு எண்பது பேர் உமித் தூசிக்குள் நெருங்கி இருந்தோம். வாசலில் ஒரு கிழவர் வானத்துக்குக் காதைக் கொடுத்தபடி முக்காலியில் இருந்தார். அவருக்கு மட்டும் படம் இலவசம், ஆனால் பார்க்கக் கூடாது.

படக்காரர் முன்னால் வந்து நின்றார். "சத்தம் வைக்க மாட்டேங்க. சத்தம் வச்சா மேல வர்றவன் வர்றது கேக்காது. கண்ணாலயே பாத்துக்குங்க. சிரிக்கிறவங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிங்க."

"சத்தமில்லாமல் ஆர் நல்லவன், ஆர் கெட்டவன் எண்டு என்னெண்டு தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பெரிய மீசை வச்சவன் கெட்டவன். போதுமில்ல?"

சத்தம் இல்லாத படம் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் ஒருக்கால் பார்க்க வேண்டும். காதலர்கள் தொட்டி மீன்களைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். ஒரு தாய் வெகுநேரம் அழுதார், சனம் முதுகு சொறிந்தது. பாட்டில்லாமல் ஆடுகிறவர்களைப் பார்க்க எங்களுக்கே வெட்கமாக இருந்தது. வீரவசனம் பேசியவர் பல்லுவலிக்காரர் மாதிரி இருந்தார்.

பிறகு ஒரு குண்டர் வந்தார். தலையில் தயிர்ப் பானை. படியில் எண்ணெய் சிந்தியிருந்தது எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வழுக்கினார். இரண்டு காலும் மேலே, பானை அதற்கும் மேலே. விழுந்தார். கண்ணை உருட்டினார், காலை உதறினார், எழும்பினார், வேட்டியைத் தட்டினார், எண்ணெயை ஒரு முறை முறைத்தார், மிகக் கவனமாக ஒரு அடி எடுத்து வைத்தார். மறுபடியும் விழுந்தார்.

விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எண்பது பேர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூக்கால் வந்த காற்றின் இரைச்சல்தான் கேட்டது, நெல்லு மூட்டைகள் எல்லாம் மூச்சுவிடத் தொடங்கியதுபோல. உமித் தூசி ஏறி யாரோ தும்ம, வாசலில் இருந்த கிழவர் "உஸ்!" என்றார். பெண்கள் பக்கம் மாமி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்திருந்தார். தோள் குலுங்கியது. கண்ணால் தண்ணீர் வழிந்தது. நான் அதற்குப் பிறகு படம் பார்க்கவில்லை. மாமியைத்தான் பார்த்தேன்.

சனம் விரலைச் சுழற்றிச் சைகை காட்டியது. படக்காரர் கசெற்றைப் பின்னால் ஓட்டினார். குண்டர் நாலு தரம் விழுந்தார், நாலு தரமும் எழும்பினார். அந்த நாட்களில் எங்கள் பக்கம் விழுந்தவர்கள் எல்லோரும் எழும்பவில்லை. இவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். என்னிடமுள்ள மூன்று புத்தகங்களிலும் இது இல்லை, நானும் இதற்குமேல் ஆராயப்போவதில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமி திடீரென்று, "அந்தக் குண்டன்..." என்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் நடந்தார். அதுதான் எங்கள் முதல் சம்பாஷணை.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. விழுந்தால் மாமி சிரிப்பார். சிரிக்கவைக்கிற பிள்ளையை யாரும் இல்லத்துக்கு அனுப்பமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் வைக்கோற் போரில் பழகினேன். பின்பக்கமாக விழுவது, கால் பின்னி விழுவது, விழுந்துகொண்டே வணக்கம் சொல்வது. தனியே இருக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை. பந்து வேண்டாம், எதிராளி வேண்டாம். பார்த்திருந்த மாடு ஒருநாளும் சிரித்ததில்லை. அதைக் கெட்ட சகுனமாக நான் எடுத்திருக்க வேண்டும்.

முதல் அரங்கேற்றம் கிணற்றடியில். தண்ணீர் நிறைந்த அலுமினிய வாளியோடு, மாமி நிமிர்ந்து பார்க்கும் நேரம் பார்த்து, முழு உடம்பையும் வீசி விழுந்தேன்.

மாமி ஓடி வந்தார். "வாளி நெளிஞ்சிட்டுதோ?"

இரண்டாவதுக்குப் பப்பாசித் தோலை வாசலில் போட்டு அதில் வழுக்கினேன். "தோலை மாட்டுக்குப் போடு எண்டெல்லே சொன்னனான்" என்றார். முழங்காலுக்கு எண்ணெய் பூசினார். சிரிக்கவில்லை. குண்டர் செய்த முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன் என்று எனக்கு அன்றிரவு விளங்கியது. கண்ணை உருட்ட வேண்டும், காலை உதற வேண்டும்.

மூன்றாவது குசினி வாசலில். விழுந்தேன், உருட்டினேன், உதறினேன். அடுப்படியில் ஏதோ கவிழ்ந்த சத்தம் கேட்டது. மாமி பாய்ந்து வந்து, இடுப்பில் நீலக் கயிற்றில் தொங்கிய அலுமாரித் திறப்பை, அந்த இரும்புச் சாவியை, அறுத்து என் உள்ளங்கையில் திணித்தார்.

"பிடி! இறுக்கிப் பிடி! விடாதை ராசா, இரும்பை விடாதை!"

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமி என் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். மிளகாய் மணக்கும் கையால் நெற்றியைத் தடவினார். நான் கண்ணைத் திறந்து "சும்மா விழுந்தனான் மாமி" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் தலையை யாரும் தொட்டு மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தது. திறப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போதுமான அளவுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே கிடந்தேன்.

அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரம் விழுந்தேன். அவற்றில் எத்தனை சிரிப்புக்கு, எத்தனை மடிக்கு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. விளைவுகள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன. கழுத்தில் கறுப்பு நூல் ஏறியது. பரியாரியார் தந்த கசாயம் வேப்பெண்ணெயை இனிப்பாக்கியது. மாமி அயல் பெண்களிடம் "அவனுக்கு வலிப்பு வருத்தம்" என்று சொன்னார். மாமியின் நாற்பது சொல் நூறானது, எல்லாம் என் வருத்தத்தைப் பற்றி. சிரிப்பு மட்டும் வரவில்லை. அதிபருக்கோ பதில் வரும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருத்தக்காரனை யார் வீட்டில் வைத்திருப்பார்கள்? பெரிதாக ஒன்று விழ வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா வந்தது. பிரதம விருந்தினர் ரவுணிலிருந்து வந்த கல்வி அதிகாரி. பளபளக்கும் வேட்டி, கழுத்தில் நித்தியகல்யாணி மாலை. அவருக்குச் சர்பத் தட்டம் கொண்டுபோக அதிபர் என்னைத்தான் தெரிவு செய்தார். "வாய் திறவாத பொடியன், ஒண்டும் குழப்பமாட்டான்" என்றார். ஆட்களை மதிப்பிடுவதில் அதிபர் எப்போதும் அப்படித்தான்.

மரத்தடியில் இருநூறு பேர். மாமி இரண்டாவது வரிசை வாங்கில், தலை வாரி, நல்ல சேலை கட்டி இருந்தார். சிவப்புச் சர்பத் ஆறு கிளாஸோடு நான் நடந்தேன். அதிகாரிக்குப் பத்தடி முன்னால் கால்களைப் பின்னி, தட்டத்தை வானத்துக்கு எறிந்து, கைகளை அகல விரித்துக் குப்புற விழுந்தேன். வைக்கோற் போரில் ஒரு நாளும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை திடீரென்று குப்புற விழுந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இருநூறு பேரும் விழுந்தார்கள். ஒருவர்கூட என் விழுகையைப் பார்க்க நிமிர்ந்திருக்கவில்லை. தாய்மார் பிள்ளைகளுக்கு மேல் விழுந்தார்கள். மேளக்காரப் பொடியன் மேளத்துக்கு மேல் விழுந்தான். அதிபர் பரிசு மேசைக்குக் கீழே போனார். அதிகாரி, அந்த உடம்புக்கு நம்ப முடியாத வேகத்தில், மேடையோரத்துப் பங்கர்க் குழிக்குள் தலைகீழாகப் பாய்ந்தார். மேலே இரண்டு கால் தெரிந்தது, செருப்பு ஒன்று. எல்லோரும் வாயைத் திறந்து, காதைப் பொத்தி, வானத்தை எதிர்பார்த்துக் கிடந்தார்கள். ஒரு காகம் கத்தியது. சர்பத் மண்ணில் ஊறியது.

மாமி மட்டும் நின்றார். கிடந்தவர்களுக்கு நடுவே கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து, திறப்பைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"படுங்கோ அக்கா! படுங்கோ!" என்று மேசைக்குக் கீழிருந்து அதிபர் கத்தினார்.

"என்னெண்டு படுக்கிறது? பொடியனுக்கு வலிப்பு!"

மாமி என் கையில் திறப்பை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். அப்போது பங்கருக்குள்ளிருந்து அதிகாரியின் தலை மெதுவாக எழும்பியது. மாலை ஒரு காதில் தொங்கியது. மூக்கில் சேறு.

"போயிட்டுதோ?" என்று கேட்டார்.

"என்ன சேர் போயிட்டுது?" என்றார் மேசைக்குக் கீழிருந்த அதிபர்.

"வந்தது."

"என்ன வந்தது?"

அதிகாரி யோசித்தார். ஏறுவதற்குக் காலை வைத்தார். வழுக்கித் திரும்பவும் உள்ளே போனார்.

என் தலைக்கு மேலே ஏதோ தொடங்கியது. முதலில் கன நாள் ஓடாத என்ஜின் போல இரண்டு செருமல். பிறகு பிடித்துக்கொண்டது. மாமி சிரித்தார். வாயைப் பொத்தவில்லை. மாமியின் சிரிப்புக்குச் சத்தம் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். மடி குலுங்க என் தலையும் குலுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, சர்பத் பிசுபிசுத்த கையில் திறப்போடு, இனி என்னை யாரும் எங்கும் அனுப்பமாட்டார்கள் என்று கிடந்தேன்.

அனுப்பவும் இல்லை. இல்லத்தைப் பற்றிய பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. பாதை திறந்து அப்பாவும் அம்மாவும் வந்தபோது, நெஞ்சில் தையலோடு தங்கச்சி வந்தபோது, நான் அந்த வீட்டு வாசலில்தான் நின்றேன். விழுந்த இடத்தில் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததால் வீடு கிடைத்தது என்று நாற்பது வருடம் நம்பினேன். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் பத்திரிகையில் எழுதத் தொடங்கினேன்.

செத்தவீட்டு அவமானத்துக்குப் பிறகு மனம் சரியில்லாமல் மாமியைப் பார்க்கப் போனேன். எண்பத்திரண்டு வயது. கண் மங்கல், காது நல்லது. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நாங்கள் இருவரும் இன்னும் அதிகம் கதைப்பதில்லை. அன்று நானாகவே தொடங்கினேன்.

"அண்டைக்கு நான் விழுந்து நீங்கள் சிரிச்சதாலதானே மாமி என்னை அனுப்பாமல் வைச்சிருந்தனீங்கள்?"

"ஆர் சொன்னது? விழா முடிய அதிபர் உன்ர வருத்தத்தை எழுதினவர், வலிப்புக்காரப் பிள்ளையளை எடுக்கமாட்டினமெண்டு இல்லத்தாலை கடிதம் வந்தது."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். "அப்ப சிரிச்சது?"

"அந்த அதிகாரி விழுந்ததுக்கெல்லோ சிரிச்சனான். வருத்தக்காரப் பிள்ளை விழுந்தா ஆரும் சிரிப்பினமே?"

எல்லாவற்றையும் சொன்னேன். குண்டர், வைக்கோற் போர், பப்பாசித் தோல், சர்பத் தட்டம், எதையும் விடவில்லை. "எனக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை மாமி. எல்லாம் நடிப்பு. உங்களைச் சிரிக்கவைக்கத்தான்."

மாமி என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். பிஸ்கற் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"ஓமோம். வலிப்புக்காரர் எல்லாரும் எழும்பினாப் பிறகு அப்பிடித்தான் சொல்லுறவை."